லிஃப்ட்காரர் கொடுத்த பெயர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனி ஆள் எடுக்க விளம்பரம் போடுவதே கிடையாது. உள்ளே இருப்பவர்கள் கைகாட்டும் ஆளுக்குத்தான் வேலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: யாரைக் கொண்டுவந்தோமோ, முதல் வருஷம் அவரோடுதான் ஜோடி சேர வேண்டும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நாம் ஏறி நிற்கும்போது, மோட்டார் அறையில் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த ஆளின் கை. இப்படி வைத்துவிட்டால் கண்டவனுக்கெல்லாம் எவன் சிபாரிசு செய்வான்?

லிஃப்ட்காரர் அதுவரை மூன்று பேரைச் சேர்த்துவிட்டவர். மூன்றும் முத்து. அவர் ஒரு பெயரைச் சொன்னால் மேனேஜர் மறுபேச்சுப் பேசமாட்டார். அந்தப் பெருமை மனுஷனுடைய நடையிலேயே தெரியும். இப்போது ஓர் இடம் காலி. அது தன் தம்பிக்குத்தான் வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

“என் தம்பிக்கு என்ன கொறச்சல்? சுறுசுறுப்பு இல்லையா?”

“அதுதான் ஜாஸ்தி. சொல்லி முடிக்கிறதுக்குள்ள செஞ்சிடுறான்.”

“அதுக்காக கேன்டீன்ல ஆர்டர் எடுக்கிறவள சேர்ப்பீங்களா? கேக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?”

லிஃப்ட்காரர் மனதில் வைத்திருந்த அந்தக் கம்பெனி கேன்டீன் பெண்ணுக்குக் கிளி என்று பட்டப்பெயர். “சர்க்கரை இல்லாம ரெண்டு, சர்க்கரையோட ஒண்ணு, சரியா?” என்று திருப்பிச் சொல்லி, ஆமாம் என்று கேட்ட பிறகுதான் நகர்வாள். எல்லாரும் கேலி செய்வார்கள். லிஃப்ட்காரருக்கு மட்டும் அதைக் கேட்டால் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். லிஃப்ட் வேலையைக் கம்பெனி கற்றுக்கொடுத்துவிடும். காதுகொடுத்துக் கேட்பதை யார் கற்றுக்கொடுப்பது?

மறுநாள் பெயர் கொடுத்தாக வேண்டும். மனைவி ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் பிடித்திருந்தது லிஃப்ட்காரர். சுவரோரம் செல்போனும் கையுமாக மச்சான்.

“தம்பி, ஃபேனு…” என்று ஆரம்பித்தாள். ‘போட்டுடாதே’ என்று முடிப்பதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டான் அந்தப் புண்ணியவான். இறக்கை மணிக்கட்டில் பளாரென்று அடித்தது. துணி பறந்தது. அவள் கணவனின் தோளில் வந்து விழுந்தாள்.

“நீ போடச் சொன்னேன்னு நெனச்சேன்க்கா!” மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், கெட்டவன் இல்லை.

லிஃப்ட்காரர் ‘பார்த்தாயா’ என்று கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, வீங்கிய மணிக்கட்டுக்கு ஈரத்துணி சுற்றினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெனமும் நீங்க இப்படித்தான் மேல நிக்கிறீங்களா?”

“இப்படித்தான்.”

மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடியே சொன்னாள்: “அந்தக் கிளி பேரையே குடுங்க. தம்பிய கொரியர்ல எங்கயாவது சேர்த்துவிடலாம். அவன் அவசரத்துக்கு அதுதான் சரி.”

மோட்டார் அறையில் கிளியின் முதல் நாள். கூண்டின் தலைமேல் நின்று லிஃப்ட்காரர் குரல் கொடுத்தார்: “மேல ரெண்டடி!”

“மேல ரெண்டடி. போடட்டுமாண்ணே?”

கூண்டு அசையவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

“போடும்மா,” என்றார்.