காலடி ஈரம்

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை என் பழைய பிக்கப்பில் பெரம்பலூர் மண்டிக்கு ஏற்றிப்போன காலத்தில், மூட்டை தூக்க என்னோடு வந்தவர் அவர். ஒல்லி உடம்பு, காய்த்துப்போன தோள். வண்டியில் ஏறியதும் தண்ணீர் கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொள்வார்.

அவர் காலடி தினமும் நனைந்து கிடந்தது. ஒருநாள் மண்டியில் வண்டியை நிறுத்தியதும் நாலு பேர் பார்க்கக் கத்தினேன்.

"தண்ணி குடிக்கக்கூடத் தெரியாதாய்யா? வண்டியெல்லாம் ஊத்தி வச்சிருக்கே."

அவர் தன் துண்டால் துடைத்தார்.

இரண்டு வாரத்தில் இன்ஜின் சூடேறி வண்டி நின்றது. மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தார். "ஹீட்டர் கோர் ஓட்டைங்க. ரேடியேட்டர் தண்ணிதான் உள்ள சொட்டியிருக்கு."

எங்கள் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போட்டார்கள்? போடாவிட்டாலும் இன்ஜினின் சூடான தண்ணீர் அதற்குள் ஓடுவதே எனக்குத் தெரியாது. வேறு கோர் மாட்டினோம்.

மறுநாள் அவரிடம், "உங்க மேல தப்பில்லீங்க, வண்டிதான் ஒழுகியிருக்கு," என்றேன்.

"தெரியும்ங்க. அன்னைக்குத் தொடைக்கையிலயே கை சுட்டுச்சு. கேன் தண்ணி சுடுமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவர் கேனைப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மண்டி வரும்வரை அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் காலடி காய்ந்து கிடந்தது.