பதினோராவது கையெழுத்து

2019 ஜூலை 18, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. மேகம் மூடியிருந்தும் மழை இல்லை. புழுக்கம். காற்று பாலாற்றுப் பக்கமிருந்து வீசியதால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை கூட்ட அறைக்குள்ளும் இருந்தது. அந்த நேரத்தில்தான், வாசலோரம் போட்டிருந்த மடக்கு இரும்பு நாற்காலியை ஒரு பெண் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேசையருகே போட்டாள். தரையில் கால் உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நான்காக மடித்த அட்டை ஒன்று அடியில் இருக்கும். அவள் அட்டையையும் மறக்காமல் எடுத்து வந்தாள்.

அவள் எங்கள் கல்லூரியின் மாணவர் பிரதிநிதி. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். கல்விக்குழு கூடும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும், தலைகளை எண்ணுவதும், நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. குழுவில் இருபத்தொரு பேர். பதினொரு பேராவது இருந்தால்தான், அதாவது கோரம் இருந்தால்தான், எடுக்கும் முடிவு செல்லும். இருபத்தொன்றாவது இடம் மாணவர் பிரதிநிதிக்கு என்று விதிப்புத்தகத்திலேயே இருந்தது. நடைமுறை வேறு. பிரதிநிதி முதலில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வாசலோர நாற்காலியில் உட்கார வேண்டும். குடிநீர்க் குழாய், கழிப்பறைக் கதவு என்று மாணவர் விஷயம் எதுவோ அது முதலில் வரும், ஐந்து நிமிடத்தில் முடியும். "சரி, நீ கிளம்பலாம்" என்பார் கல்லூரி நிர்வாகச் செயலாளர். நான் எழுந்து கதவைத் திறந்துவிடுவேன். ஒன்பது வருடம் அப்படித் திறந்துவிட்டிருக்கிறேன். தவறு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்றைக்கு நான்காவது பொருள் காலை ஷிப்டைப் பற்றியது. காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டாக நடந்த வகுப்புகளை ஒன்றாக்கி, ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை முழுநாள் கல்லூரியாக மாற்றுவது செயலாளரின் திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலை ஷிப்டில் படித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஒன்றரை மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள். ஷூ கம்பெனிகள் வீடுகளுக்குக் கொடுக்கும் மேல்பாகத் தோலை ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைப்பவர்கள், மருந்துக் கடையில் நிற்பவர்கள். நம் பிரதிநிதியும் தைக்கிறவள்தான். பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டபோது பார்த்தேன், சுட்டுவிரல் மடிப்பில் நூல் அறுத்த கோடுகள். மூன்று பழையவை, ஒன்று புதியது.

அன்று வந்த கையெழுத்துகள் அவளுடையதோடு பதினொன்று. "கோரம் இருக்குது சார்" என்று முதல்வரிடம் சொன்னேன். குடிநீர்க் குழாய் நான்கு நிமிடத்தில் முடிந்தது. செயலாளர் வழக்கம்போல் கிளம்பச் சொன்னார். நானும் வழக்கம்போல் கதவைத் திறந்தேன். அவள் எழுந்தாள், நகரவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"சார், ஒரு டவுட். என்னையும் சேத்துத்தானே பதினொண்ணுன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"நான் வெளியே போய்ட்டா பத்துதானே சார்?"

யாரோ சிரித்தார்கள். "இன்னாம்மா, மேக்ஸ் டிபார்ட்மென்ட்டா?"

"பி.காம் சார். அதான் டேலி ஆவலன்னா தூக்கம் வராது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், செயலாளரைத் தவிர. "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. நீ போ" என்றார். முதல்வர் மட்டும் என் பக்கம் திரும்பினார். "சூப்பரிண்டெண்ட், ரூல் இன்னா சொல்லுது?"

நான் ஓய்வுபெற அன்றைக்கு நாற்பத்து நான்கு நாள் பாக்கி. இரண்டு வருடப் பணி நீட்டிப்புக்கான கோப்பு செயலாளர் மேசையில் இருந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஆறு முறை. ஏழாவது முறைக்குள் எனக்கு வாய் திறந்தது.

"பத்து பேரை வெச்சு முடிவு பண்ணா செல்லாது சார். இவங்களும் மெம்பர்தான்."

அதுவரை நான் எந்த மாணவரையும் 'இவங்க' என்று சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் நாற்காலியைத் தூக்கினாள். தமிழ்த்துறை அம்மா தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். வேறு யாரும் அசையவில்லை.

நான்காவது பொருள் வந்ததும் அவள் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை விரித்தாள். வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணியிருந்தாள். காலை ஷிப்டில் அறுநூற்று நாற்பது பேர், மதியம் வேலைக்குப் போகிறவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. "இவங்க படிப்ப உட்டுட்டு வேலைக்குப் போறவங்க இல்ல சார். வேலைக்குப் போறதாலதான் படிக்கிறாங்க. நாலு மணி வரைக்கும் உக்கார வெச்சா, அடுத்த வருஷம் ஃபீஸ் கட்ட ஆள் இருக்காது." மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. குரல் உயரவில்லை. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு நான்கு. எதிர்ப்பு ஐந்து. இரண்டு பேர் தூக்கவே இல்லை. நான் இரண்டு முறை எண்ணினேன். ஐந்தாவது கையில் அந்த நூல் கோடுகள் இருந்தன.

குறிப்பில் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். அதுவரை 'மாணவர் பிரதிநிதி கலந்துகொண்டார்' என்ற ஒற்றை வரிதான் எழுதுவது வழக்கம். அன்று மாலை பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் முப்பத்து நான்கு கூட்டங்கள். அவற்றில் பன்னிரண்டில், பிரதிநிதியின் கையெழுத்து இல்லாவிட்டால் கோரமே இல்லை. பன்னிரண்டு முறை ஒரு பிள்ளையை எண்ணிக்கொண்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். அனுப்பியது செயலாளர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எண்ணியது நான்.

நீட்டிப்பு வரவில்லை. என் வழியனுப்பு நாளில் அவள் வந்தாள். நீட்டிப்பு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. "என்னால உங்களுக்குப் பேஜாராயிடுச்சா சார்?" என்றாள். "ஜாஸ்தி இல்லம்மா" என்றேன். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அங்கே தொழிலாளர் குழுவிலும் உறுப்பினர். போன பொங்கலுக்குப் பேசினாள். "இங்க தலை எண்ணுறது நான்தான் சார். எண்ணினவங்க யாரையும் வெளிய அனுப்ப உடமாட்டேன்."

காலை ஷிப்ட் இன்னும் நடக்கிறது. கல்விக்குழுவில் இப்போது மாணவர் மூன்று பேராம், மேசையைச் சுற்றி எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலியாம். பழைய சாமான்களைப் போன மாதம் விற்றார்கள். போய், அந்த இரும்பு நாற்காலியைத் தேடி எடுத்து வந்தேன். "வீட்ல ஏழு சேர் இருக்குது. இந்த நொண்டிச் சேர் இன்னாத்துக்கு?" என்று என் மனைவி கேட்டாள். அதன் குட்டைக் காலுக்கு ஓர் அட்டை மடித்து வைத்தேன். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நாற்காலி நூற்றைம்பது ரூபாய், ஆட்டோ அறுபது. வராத நீட்டிப்பு மாதம் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு வீதம் இருபத்து நான்கு மாதம். மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். இந்த நாற்காலிக்கு எனக்கு ஆன அடக்க விலை ஏழு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.