தீர்த்தத்தோடு விழுங்கிய மாத்திரை

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனை டாக்டரம்மாதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வைத்தியம். என் வீட்டுக்காரரின் அண்ணன் மாரடைப்பில் போனபின் இவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பிரஷர் மாத்திரையோடு, ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரையும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

இவருக்கு அதுவும் பூஜையில் சேர்ந்துவிட்டது. காலையில் விளக்கேற்றி, மாரியம்மன் படத்துக்கு முன் வைத்த செம்பிலிருந்து தீர்த்தம் ஊற்றி, அதோடுதான் இரண்டையும் விழுங்குவார்.

பல வருஷம் கழித்து, சின்ன மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா.

"நீங்கதானே கொடுத்தீங்க? அன்னைக்கு அமிர்தம், இன்னைக்கு விஷமா?" என்றார் இவர்.

"விஷம்னு சொல்லல சார். அட்டாக் வந்தவங்களுக்கு இன்னும் அதைத்தான் கொடுக்கிறேன். உங்களுக்குத்தான் அட்டாக் வரலையே? உங்க வயசுல அதனால நல்லதைவிட வயித்துல ரத்தம் கசியற ஆபத்துதான் ஜாஸ்தின்னு இப்போ ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் பேச்சு வேறாக இருந்தது.

"அம்மன் தீர்த்தத்துல போட்டதுடி. நடுவுல விட்டா தெய்வக் குத்தம்."

"அம்மனா மாத்திரை எழுதிக் கொடுத்தா? டாக்டரம்மா சொல்றதைக் கேளுங்களேன்."

கேட்கவில்லை. மருந்துக்கடையில் தானே வாங்கிக்கொண்டார்.

வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போனதை என்னிடம்கூட மறைத்திருக்கிறார். ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மன் இவர் உயிரைத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா வார்டுக்கே வந்தார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பேசியிருக்கணும்மா. வெளியே அவ்ளோ பேர் காத்துட்டிருந்தாங்க," என்றார் என்னிடம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் இவர் எந்த மாத்திரையையும் தொடுவதில்லை. டாக்டரம்மா வீடு தேடி வந்து பிரஷர் பார்த்தார். ஏறியிருந்தது.

"இது வேற மாத்திரை சார். இதை விட்டா பக்கவாதம் வரலாம்."

"இதை எப்போ வேணாம்னு சொல்லுவீங்க?"

"வேணாம்னு தெரிஞ்சா அன்னைக்கே வந்து சொல்வேன்," என்றார் டாக்டரம்மா.

இன்று காலையும் விளக்கேற்றி, இவர் உள்ளங்கையில் பிரஷர் மாத்திரையை வைத்துத் தீர்த்தம் ஊற்றினேன். மாத்திரையை விரலால் ஒதுக்கிவிட்டு, தீர்த்தத்தை மட்டும் உறிஞ்சிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார். ஈரத்தில் பாதி கரைந்து, மாத்திரை அங்கேயே ஒட்டியிருந்தது.