அப்பாவின் பத்திரிகைக்கு வந்த அழைப்பு

ரயிலில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளின் மை வாசனை, இன்று என்னை டூங்கபியில் நாங்கள் முன்பு இருந்த வீட்டுக் கராஜுக்குள் கொண்டுபோய் விட்டது. அப்பா நடத்திய தமிழ்ப் பத்திரிகையை அங்கேதான் குடும்பமாக உட்கார்ந்து மடிப்போம். தாள் உரசும் ஓசையிலேயே மாலைகள் கழியும், விரல்களில் ஏறிய மை சோறு உண்ணும்போதும் போகாது. தமிழ்க் கடைகளின் வாசலில் அது இலவசமாகக் கிடைக்கும். விளம்பரங்கள் நின்றுபோய் அதை நிறுத்திய பிறகு, வாசகர் யாராவது விசாரிப்பார்கள் என்று அப்பா தொலைபேசியருகே கதிரையைப் போட்டுக் காத்திருந்தார்.

வந்தது ஒரே அழைப்பு. பிளாக்டவுன் பலகாரக் கடைக்காரரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணை, பேப்பரைக் காணேல்லையே. வடையின்ரை எண்ணெயை ஒத்தியெடுக்க ஒண்டுமில்லை."

அப்பா கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பழசு நிறையக் கிடக்குது தம்பி. கொண்டு வாறன்" என்றார்.