இருபது லிட்டர் கேன்

மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் திரும்பிய முதல் நாளே, பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பெட்டியை என்னால் தூக்க முடியவில்லை. பதினெட்டு கிலோ. ஆறு வருஷமாக நாள் முழுக்கத் தூக்கி அடுக்கிய அதே பெட்டி. இடுப்பு வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை, கீழே விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். "பரவால்லக்கா, நீங்க ஸ்டிக்கர் ஒட்டப் போயிருங்க. உக்காந்த வேலை" என்றான், தர்மம் பண்ணுகிற குரலில். ஸ்டிக்கர் டேபிள் என்றால் என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது யாரைக் கழற்றிவிடுவது என்று தேடாமல் இருக்க, முன்கூட்டியே ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடும் ஏற்பாடு அது. எனக்கு நாற்பத்தொரு வயது. உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அடுத்த செக்கப்பில் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, ஈரல் சரியாகிவிட்டது, இனி உடம்பைத் தேற்றலாம் என்று சொன்ன அன்றே ஒரு ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. சுவர் முழுக்கக் கண்ணாடி, காதைக் கிழிக்கும் பாட்டு. அங்கிருந்த டிரெய்னர் என்னிடம் பேசிய நேரமெல்லாம் கண்ணாடியில் தன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தான். பாதாம், ப்ரோக்கோலி, சால்மன் மீன், அப்புறம் அவனே விற்கிற பவுடர் டப்பா.

"இந்த மீனு இங்க எங்கீங்க கிடைக்கும்?"

"ஆன்லைன்ல பாருங்க மேடம்."

நடக்கிற மெஷினில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். தினமும் பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி கேட் வரை வெயிலில் நடக்கிறவள் நான். அதே நடையை ஏசியில், நகராமல் நடப்பதற்குக் காசு கட்டியிருக்கிறேன் என்று ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. எடை தூக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"லேடீஸுக்கு வெயிட் வேணாம் மேடம். ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க."

அவன் கால்களைப் பார்த்தேன். மேலே அத்தனை சதையை ஏற்றி வைத்திருந்தவன் கீழே கொக்கு மாதிரி இருந்தான். இவன் மாதிரி ஆகிவிடுவேன் என்ற பயம் எனக்கும் வந்தது. அதோடு நின்றுவிட்டேன்.

வீட்டில் என் கணவர் ஆறுதல் சொன்னார். லேத் பட்டறையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் சாய்ந்து, எவனெவனோ மலை மலையாக இரும்பு தூக்குகிற வீடியோக்களை வயிற்றின் மேல் போனை நிறுத்திப் பார்ப்பார். "உனக்கெதுக்கு இதெல்லாம்? ரெஸ்ட் எடு" என்பார், கண்ணை எடுக்காமல்.

எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீட்டுப் பெண், புருஷனோடு சேர்ந்து சந்தை சந்தையாகப் பிளாஸ்டிக் சாமான் விற்பவள். ஒரு நாள் சூளகிரி, ஒரு நாள் மத்தூர் என்று குட்டி லோடு வண்டியில் போவார்கள். காற்றடித்தால் பர்தாவோடு பறந்துவிடுவாள் போல ஒல்லி. ஒரு நாள் காலை, அவள் ஆளுயர மூட்டை ஒன்றைத் தூக்கி வண்டிக்குள் தள்ளியதைப் பார்த்தேன். முக்கல் முனகல் எதுவும் இல்லை. எப்படி என்று கேட்டேன்.

"இதுல என்னாக்கா இருக்கு? நல்லா குந்தணும். நெஞ்சோட அணைச்சுக்கணும். கால்ல எந்திரிக்கணும். முதுகுல எந்திரிச்சா மறுநாள் பாய்தான்."

ஜிம் கண்ணாடிக்காரன் ஒரு மாதக் காசை வாங்கிக்கொண்டும் சொல்லாததை ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

தண்ணீர் கேன் யோசனை என்னுடையது. எங்கள் தெருவில் குடிக்கிற தண்ணீர் கேனில்தான் வரும். இருபது லிட்டர், இருபது கிலோ. பழைய கேன் ஒன்றில் கால் பங்கு போர் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். கட்டிப்பிடித்து உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து இடுப்புக்கு எடுப்பது, படியேறி இறங்குவது. வாரம் மூன்று நாள், ஷிஃப்டுக்குப் போகுமுன். வாரத்துக்கு இரண்டு விரற்கடை தண்ணீர் கூட்டினேன். பாதிக் கேன்தான் முழுக் கேனைவிட மோசம். உள்ளே தண்ணீர் அலைந்து ஆளையே சாய்க்கும். கைக்கு, மாடிச் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. முதலில் ஐந்து, அப்புறம் பன்னிரண்டு. சாப்பாட்டுக்கு முட்டை, வேர்க்கடலை, கொள்ளுச் சுண்டல், களி. கடலில் நீந்துகிற மீனுக்கு வேலையே வரவில்லை.

சந்தை இல்லாத நாளில் பக்கத்து வீட்டுக்காரியும் மாடிக்கு வருவாள். எதிர் மாடியில் பல் விளக்குகிற ஆண்கள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்று பார்ப்பார்கள். ஒருத்தர் தினமும் ஒரு யோசனை சொன்னார், மூச்சை இப்படி விடு, காலை அப்படி வை என்று. அவர் பால் வாங்கக்கூட ஸ்கூட்டரில் போகிறவர். நாங்கள் எங்கள் பாட்டுக்குக் குந்தி எழுந்தோம்.

நாலாவது மாதம் கேன் கழுத்து வரை நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்த என் கணவருக்கு அதைப் பார்த்து என்ன தோன்றியதோ, "தள்ளு, நான் காட்றேன்" என்றார்.

"குந்தி எடுங்க" என்றேன்.

"எனக்கே சொல்றியா?"

காலை விறைப்பாக வைத்துக்கொண்டு முதுகை வளைத்து ஒரே இழுப்பு. கேன் ஒரு சாண் கூட எழவில்லை. அவர் அப்படியே வளைந்தபடி நின்றார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "எதையும் தொடாத, எதையும் தொடாத" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது. உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்லச் சாய்த்து, முன்னால் அவள், பின்னால் நான் என்று, நாற்காலியோடு இரண்டு மாடி இறக்கினோம். அவர் எழுபத்தைந்து கிலோ. திருப்பத்தில் அவள் திரும்பிப் பார்க்காமலே, "அண்ணே, ஆடாதீங்க. கேன்ல தண்ணி ஆடுற மாதிரியே இருக்கு" என்றாள். எதிர் மாடியில் பல் விளக்குகிறவர்கள் அத்தனை பேரும் கீழே இறங்கி வந்து வழிவிட்டு நின்றார்கள். யோசனைக்காரர் மட்டும், "பாத்தும்மா, பாத்து" என்றார்.

தசைப்பிடிப்புதான். பத்து நாள் படுத்தே கிடந்தார். அந்தப் பத்து நாளும் இரும்பு தூக்குகிற வீடியோ ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் போய், பேக்கிங்குக்குத் திரும்பப் போகிறேன் என்றேன். சிரித்தான். ஒரு பெட்டியை எடுத்து ரேக்கின் மேல் தட்டில் வைத்தேன். இன்னொன்று. ஆறாவது பெட்டியில், "போதுங்கா, போதுங்கா, சார்கிட்ட கேக்கிறேன்" என்றான். அதற்குள் நாலு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிட்னஸ் சான்றிதழ் வேண்டும் என்று கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் கண் இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். நான் எதையாவது தூக்குவேனா என்று கேட்கவே இல்லை.

பேக்கிங் கிடைத்தது. கான்ட்ராக்டும் புதுப்பித்தார்கள். ஸ்டிக்கர் டேபிளில் என் பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து கேமராவோடு வந்தார்கள். பெண்களின் வலிமையைப் பற்றிக் கேன்டீனில் போஸ்டர் ஒட்டப் போகிறார்களாம். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரிக்கச் சொன்னார்கள். நான் குந்தி நிஜப் பெட்டியை எடுக்கப் போனபோது கேமரா வைத்திருந்த பெண் தடுத்தாள்.

"வேணாங்கா, கை வலிக்கும். படத்துக்கு வெறும் பெட்டியே போதும்."

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை.