ஹாலுக்கு ஒன்று, ரூமுக்கு ஒன்று

1. பின்கட்டில் நின்ற ஆள்

"முனியசாமி அண்ணே, வீட்டுப் பின்னால ஆள் நிக்கிறான்! ஓடுங்கண்ணே!"

சவூதி தம்மாமிலிருந்து சாகுல் போனில் கத்தியபோது நான் உச்சிப்புளியில் என் சிசிடிவி கடையில் உட்கார்ந்து ஒரு அடாப்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் கேமராவின் கனெக்டரெல்லாம் பச்சை பூத்துவிடும். பாதி வேலை புதிது மாட்டுவது, மீதி வேலை இந்தப் பச்சையைச் சுரண்டுவது.

பனைக்குளத்தில் சாகுல் வீட்டுக்கு வாசலில் ஒன்றும் பின்கட்டில் ஒன்றுமாகக் கேமரா மாட்டிக் கொடுத்திருந்தேன். புது மாடல். ஆடு போனால், காக்கா உட்கார்ந்தால் கண்டுகொள்ளாது. மனுஷன் வந்தால் மட்டும் போனுக்கு அலர்ட் அடிக்கும். ஏஐ கேமரா என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தான். பக்கத்து டீக்கடைக்காரருக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. "மனுசனுக்கே மனுசனை அடையாளம் தெரிய மாட்டேங்குது, மிஷினுக்குத் தெரிஞ்சுருமாக்கும்" என்பார். எனக்குக் கோபம் வரும். என் பிழைப்பு ஆயிற்றே.

"ரஹ்மத் போன் எடுக்கலண்ணே. அவளும் புள்ளையும் தனியா இருக்காங்க" என்றார் சாகுல்.

வண்டியை முறுக்கினேன். போகிற அவசரத்தில் கையில் கிடைத்தது டிரில்லிங் மிஷின்தான். திருடனை அதை வைத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்காதீர்கள். வாசலில் நின்று, "தங்கச்சி! முனியசாமி வந்துருக்கேன். பின்பக்கம் போகாதீங்க, ஆள் இருக்கான்!" என்று சத்தம் போட்டேன். கதவைத் திறந்து வந்தது ரஹ்மத், சாகுலின் மனைவி. முழங்கை வரைக்கும் சோப்பு நுரை.

"பின்னாலருந்துதான் வாரேன். எந்த ஆளுண்ணே?"

இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். கொடியில் ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டை. அதற்கு நேர் கீழே, சட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்டு ஒரு கைலி. கச்சான் காற்று உள்ளே புகுந்து சட்டைக்கு நெஞ்சும் கைலிக்குக் காலும் வந்திருந்தது. நானே ஒரு நிமிஷம் பின்வாங்கிவிட்டேன்.

"யாரு சட்டை தங்கச்சி?"

"அவுக சட்டைதாண்ணே. பீரோவுக்குள்ள கெடந்து வாடை அடிக்குதேன்னு அலசிப் போட்டேன்."

போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுச் சாகுலைக் கூப்பிட்டேன். "தம்பி, ஆளைப் புடிச்சாச்சு. நீங்கதான் அது." அந்தப் பக்கம் சாகுல் விழுந்து விழுந்து சிரித்தார். ரஹ்மத்தும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டீக்கடைக்காரரிடம் இதை நான் இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

2. ஹாலுக்கு ஒன்று

சிரிப்போடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சாகுலுக்கு உள்ளே பயம் தங்கிவிட்டது. மறுநாள் மறுபடி போன். "அண்ணே, ஹாலுக்குள்ள ஒண்ணு போட்டுருங்க. பேசுற மாடல் இருக்குல்ல, அது."

டூ-வே ஆடியோ என்போம். கேமராவிலேயே மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கும். அங்கே ஆப்பைத் தொட்டுப் பேசினால் இங்கே சுவரிலிருந்து கேட்கும். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் மத்தியில் அதற்கு நல்ல கிராக்கி.

ரஹ்மத்துக்கு இது பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. ரஹ்மத் நல்ல தையல்காரி. அந்த ஹாலில்தான் தையல் மிஷின் கிடக்கிறது. மதியம் லுஹர் தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் துணியோடு வந்துவிடுவார்கள். அளவெடுப்பது, போட்டுப் பார்ப்பது, லூசாக இருந்தால் பிடித்துத் தைப்பது எல்லாம் அங்கேயேதான். ஆம்பளை நடமாட்டம் இல்லாத வீடு என்பதால்தான் ரஹ்மத்திடம் அத்தனை பேர் வந்தார்கள். துணி பாதி என்றால் பேச்சு பாதி. அந்த ஹால் ரஹ்மத்துக்கு வேலையும் ஆச்சு, துணையும் ஆச்சு.

சாகுலிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் யாருண்ணே? அவ மாப்பிள்ளை. நான் பாத்தா என்ன?" என்றார். அடுத்து இதையும் சொன்னார். "நான் கெளம்பும்போது எம் மகன் குப்புற விழுந்து கெடந்தாண்ணே. இப்ப செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானாம். அவன் நடக்குற அன்னைக்கு நான் பாக்கணும்ல? அது நான் போன் போடுற நேரம் பாத்தா நடக்கும்?"

நானும் பிள்ளை பெற்றவன். மனசு இளகிவிட்டது. ரஹ்மத்தும் குழந்தை ஆசிக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி, மாட்டுங்கண்ணே. அவுக ஆசைப்படுறாக" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது. மாட்டினேன்.

3. சுவர் பேசியது

அதிலிருந்து நடந்ததை ரஹ்மத் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு பல்கீஸ் கல்யாணத்துக்குப் போட ரவிக்கை தைக்க வந்திருக்கிறது. சுவரில் புதிதாக ஏதோ உருண்டையாக இருக்கிறதே என்று கேட்கவில்லை. அந்த நேரம் சாகுல் வேலையில் இருப்பார் என்று ரஹ்மத்தும் சொல்லவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்து நிற்கிறது. ரஹ்மத் டேப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. அப்போது சுவரிலிருந்து கணீரென்று ஒரு ஆம்பளைக் குரல்.

"ரஹ்மத், சோறு தின்னாச்சா?"

"யா அல்லாஹ்!" என்று அலறிய பல்கீஸ், டேப்போடு வாசலைத் தாண்டி ஓடியேவிட்டது. சாகுல் பாவம், அப்போதுதான் ஆப்பைத் திறந்து, படம் வருவதற்கு முன்னாலேயே பேசிவிட்டார். அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதைத் தெருவில் யாரிடம் போய் நிரூபிப்பது? சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. ரஹ்மத்தை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் ஒரு பெண் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று, "ஒம் மாப்பிள்ளை வீட்டுல இல்லாதப்ப சொல்லு லாத்தா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. தம்மாமில் இருக்கிற மனுஷன் வீட்டிலேயே இருக்கிற மனுஷனாகிவிட்டார்.

ரஹ்மத் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறது. உடனே தம்மாமிலிருந்து போன், "ஏன் ஆஃப்லைன் காட்டுது? என்னாச்சு?" என்று பதற்றம். துண்டைப் போட்டு மூடினால் கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது என்று அதுவே போட்டுக்கொடுத்துவிடும். சாதாரண மாடலாக மாட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நல்ல மாடலாகப் பார்த்து மாட்டியது நான்தான்.

ஒரு நாள் ரஹ்மத் கூப்பிட்டு அனுப்பியது. தையல் மிஷின் மேல் துணியைப் போட்டு மூடியிருந்தது. தைத்து முடித்த துணிகளை வாங்கிப்போகக்கூட ஆளில்லாமல் அடுக்கி வைத்திருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"கழட்டிரட்டுமா தங்கச்சி? நான் சாகுல்கிட்டப் பேசுறேன்."

"நீங்க பேசுனா, நான் சொல்லிக்குடுத்துப் பேசுறதா நெனப்பாக. வேணாம்ணே" என்றது. பிறகு கேமராவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டது. "இதே மாதிரி இன்னொண்ணு கடையில இருக்கா?"

"இருக்கு. எங்கன மாட்ட?"

"இங்கன இல்ல. அவுக ரூமுக்கு."

எனக்கு விளங்கவில்லை.

"எனக்குப் பாதுகாப்புன்னு அவுக பாக்குறாக. அவுகளை யாருண்ணே பாக்குறது? தின்னாகளா, தூங்குனாகளா, காய்ச்சலா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. என் போனுல சேத்து விடுங்க. அவுக மாட்டுனா போதும்." முகத்தில் சிரிப்பே இல்லை. கேலியா, நிஜமா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

4. ரூமுக்கு ஒன்று

பக்கத்துத் தெருவில் ஒருவர் லீவு முடிந்து தம்மாம் கிளம்பிக்கொண்டிருந்தார். கருவாட்டுப் பொட்டலத்துக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் கேமராவும் போய்ச் சேர்ந்தது. ரஹ்மத்தின் கணக்கில் சேர்த்து, ஆன் செய்தால் போதும் என்கிற அளவுக்குத் தயார் செய்து கொடுத்திருந்தேன். கொடுத்துவிட்டேனே ஒழிய பயமாகத்தான் இருந்தது. புருஷன் பெண்டாட்டி நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் முனியசாமிதான் மூலகாரணம் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாகுல் போன். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து எடுத்தேன்.

"அண்ணே, நீங்க குடுத்தனுப்புன சாமான் வந்துச்சு."

"மாட்டியாச்சா தம்பி?"

"எங்க மாட்ட? பெட்டியைப் பிரிக்கவே விட மாட்டேங்குறாங்ய. ரூமே ரெண்டாயிருச்சு!" பின்னால் ஒரே கூச்சல். ஒரே அறையில் கூடத் தங்கியிருக்கிற நம்மூர் ஆட்கள். ஒருவர் போனைப் பிடுங்கியே பேசிவிட்டார். "அண்ணே, நாங்க வேலை விட்டு வந்து பனியனைக் கழட்டிப் போட்டுக் கெடக்குற எடம் இது. இவன் பொண்டாட்டி பாக்குறதுக்கா? இவன் யோக்கியனா இருந்தா வெளிய போயி பேசட்டும். எங்க ரூமுல கேமரா கீமரான்னு வந்தா ஒடச்சுப் போட்ருவோம்!"

சாகுல் மறுபடி போனை வாங்கினார். "கேட்டீங்களா? அவ என்னையத்தான் பாக்கப்போறா, உங்களை இல்லைன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். ரூமுன்னா எல்லாரும்தானடா தெரிவோம்னு கத்துறாங்ய."

"அது நெசந்தான தம்பி" என்றேன்.

அவர் ரூமை விட்டு வெளியே வந்தார் போல. கூச்சல் தூரமானது. பிறகு மெதுவாக, "பல்கீஸ் லாத்தா ஏன் ஓடுச்சுன்னு எனக்கு இப்பத்தாண்ணே வெளங்குது" என்றார். "ஹாலுல உள்ளதைக் கழட்டிருங்க. வாசல்லயும் பின்னாலயும் இருக்கட்டும்."

அன்றைக்கே போனேன். ஸ்குரூவைக் கழற்றி, ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வளையல் சத்தம். பல்கீஸ் துணியோடு நிற்கிறது, கூட இன்னும் நாலைந்து பேர். "கழட்டியாச்சுல்ல? அண்ணனையும் சீக்கிரம் கெளம்பச் சொல்லு லாத்தா" என்று ஒரு குரல். ரஹ்மத் சிரித்துக்கொண்டே என் பையை எடுத்துக் கொடுத்தது. பட்டி காய்வதற்குள் நானும் வெளியே இருந்தேன். கதவு சாத்திய கையோடு உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது.

கொஞ்ச நாள் கழித்து சாகுல் மறுபடி போனில் கத்தினார். ஆள் நிற்கிறான் என்று நினைத்து எழுந்தேவிட்டேன்.

"நடந்துட்டாண்ணே! எம் மகன் நடந்துட்டான், நான் பாத்தேன்!"

பெண்கள் கூடியிருந்த நேரத்தில்தான் ஆசிக் சுவரை விட்டிருக்கிறான். இரண்டு எட்டு வைத்ததும், "போடு, ஒன் மாப்பிள்ளைக்கு வீடியோ போனைப் போடு" என்று பல்கீஸ்தான் விரட்டியதாம். எல்லாரும் துணியை ஒதுக்கி, முக்காடு போட்டுக்கொண்டு, "ம், இப்பக் காட்டு" என்றார்களாம். பையனை மறுபடி சுவரோரம் நிறுத்தி, பல்கீஸ் இந்தப் பக்கம் உட்கார்ந்து கையைத் தட்ட, அவன் நடந்து போய் மடியில் விழுந்திருக்கிறான். ஹாலில் ஒரு சத்தம், தம்மாம் ரூமில் ஒரு சத்தம். சாகுல் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவையும் கேட்டேன்.

நான் கேமராவுக்கு எதிரி இல்லை. எனக்குச் சோறு போடுவது அது. ஆனால் இந்தத் தொழிலில் கஸ்டமர் என்றால் ஆர்டர் கொடுக்கிறவர் மட்டும் இல்லை, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து நடமாடுகிறவர்களும் கஸ்டமர்தான் என்பதை நான் பனைக்குளத்தில் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் யாராவது வீட்டுக்குள்ளே ஒன்று மாட்ட வேண்டும் என்று கேட்டால், டிரில்லிங் மிஷினை எடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "தாராளமா மாட்டலாம். நீங்க இருக்கிற ரூமுக்கும் ஒண்ணு குடுக்கட்டுமா?"

பாதிப் பேர் சிரித்துவிட்டு, வாசலுக்கு மட்டும் போதும் என்பார்கள்.