பாறசாலைச் சில்வண்டும் என் பாதித் தலையும்

விஷு விடுமுறைக்கு மூணாறு போவதாகத்தான் திட்டம். போனது பாறசாலைக்கு. நாகர்கோவிலில் இருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியதில்லை. இவ்வளவு கேவலமான கோலத்திலும் திரும்பியதில்லை.

காரணம் என் மனைவி கலா. சில்வண்டுகளை ஆராய்ந்து வகைப்படுத்துவது அவள் வேலை. போன வருஷம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவளுக்குச் சின்னதாக ஓர் ஆண் வண்டு கிடைத்தது. அதன் முன்சிறகில் இரண்டு நரம்புகள் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிளம்பின. அதன் சொந்தக்கார வண்டுகளுக்கெல்லாம் அவை தனித்தனியாகத்தான் கிளம்புமாம். புது இனம் என்றால் தெரிந்த வீட்டில் புதிதாக ஒரு பிள்ளை, அவ்வளவுதான். இது புதுப் பேரினம், அதாவது யாருக்கும் தெரியாமல் ஒரு தறவாடே, ஒரு முழுக் குடும்பமே இருக்கிறது என்று ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினாள். படித்துப் பார்த்தவர்கள் திருப்பிவிட்டார்கள். ஒற்றை வண்டை வைத்து எப்படி நம்புவது, பிறவிக் கோளாறாக இருக்கலாமே, இன்னும் சில வேண்டும், பெண் வண்டும் வேண்டும் என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் இந்த வண்டு கோடைமழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் தலைகாட்டும். கலாவின் ஆராய்ச்சிப் பணியோ ஜூனில் முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அப்புறம் மூணாறு என்று நான் எப்படி வாய் திறப்பது?

விஷுவுக்கு முந்தின நாள் காலை பாசஞ்சர் ரயிலில் ஏறினோம். டிக்கெட் தலைக்குப் பத்து ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், குழித்துறை ஆற்றுப்பாலம் ஒன்றே காசுக்குத் தகும். பாறசாலை ஸ்டேஷனில் இருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. வலையையும் நீள மூங்கிலையும் பார்த்த ஆட்டோக்காரர் மீன் பிடிக்கவா என்று கேட்டார். கலா விஷயத்தைச் சொன்னாள். சில்வண்டுக்கு அந்தப் பக்கத்துப் பேர் சீவீடு.

"சீவீடா? அதுக்கா ரயிலேறி வந்திய? எங்க வீட்டுக்கு வாங்க சாரே, சாக்குல கெட்டித் தாறேன். பகல் முழுக்க ஒரே ஒச்சையாக்கும், மனுசனுக்கு இருக்க முடியாது."

தோட்டத்து ஓரத்தில் பெரிய அயினி மரம் ஒன்று உண்டு. உச்சியில் ஆண் வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. தோட்டக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்ததால் நேராக வேலையில் இறங்கினோம். பதினோரு மணிக்குள் இரண்டு ஆண்கள் வலையில். கலா லென்ஸை வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் நரம்பு ஒட்டித்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பெண் வண்டு கிடைக்கவில்லை. ஆண்தான் கத்தும், பெண் வாயே திறக்காது. சத்தம் போடாத ஒன்றை அத்தனை பெரிய தோட்டத்தில் எங்கே போய்த் தேடுவது? எங்கள் வீட்டில் இது தலைகீழ் என்று நான் சொன்னேன். கலா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. சும்மா கிடந்த வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று சந்திப் பக்கம் நழுவினேன்.

சந்தியில் ஒரு முடிவெட்டும் கடை. விஷுவுக்காவது தலை பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். கடைக்காரர் பிஜு டிரிம்மரைப் போட்டு இடப்பக்கம் முழுக்க ஏற்றி முடித்திருப்பார், உச்சந்தலையில் என்னவோ வந்து உட்கார்ந்தது. தட்டப் போனேன்.

"விடுங்க அண்ணா, சீவீடாக்கும். ஒண்ணும் செய்யாது. இந்த மாசம் வந்துட்டா எப்பவும் இதுதான், வந்து ஆளுக்க தலையில கேறி இருக்கும். பவுடரு மணத்துக்கு வருகுது. ஒரு நல்ல காரியம், இதுவ கூவாது."

"கூவாதா?" என்று கேட்ட வேகத்தில் நாற்காலியே ஆடியது. தலையை ஆட்டாமல் கலாவுக்கு போன் போட்டேன்.

ஓடிவந்தாள். "அனங்காதீங்க! மூச்சுகூட விடாதீங்க!" என்று வாசலில் இருந்தே கத்தினாள். என் தலையிலிருந்து அதை எடுத்து வால்பக்கத்தைப் பார்த்தாள். முட்டையிடும் ஊசி இருந்தது. பெண்ணேதான். பிறகு சிறகு. "ஒட்டியிருக்குங்க..." என்றாள்.

ஆனாலும் அவளுக்குப் பவுடர் கதையில் நம்பிக்கை இல்லை. டிரிம்மரை நிறுத்தச் சொல்லி என் கழுத்தில் அரை டப்பா பவுடரைக் கொட்டினாள். தும்மல்தான் வந்தது. டிரிம்மரைப் போடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பெண் வந்து என் காதில் உட்கார்ந்தது. பிஜுவின் டிரிம்மர் அதன் காதுக்கு மாப்பிள்ளையின் குரல்! அதற்கும் நரம்பு ஒட்டியே இருந்தது. கலா வாய்விட்டுச் சிரித்தாள், பிஜு ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்து நானும் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது. அத்தனை சந்தோஷம்.

மூன்றாவதுக்காக விடாமல் ஓட்டியதில் டிரிம்மரின் சார்ஜ் தீர்ந்தது. பிளக்கில் குத்திவைக்கலாம் என்றால் இடி இடித்து கரண்டும் போனது.

"கத்திரி வச்சு ஒப்பிச்சு விடுதேன், இரிங்க அண்ணா," என்றார் பிஜு. கலா விட்டால்தானே! வண்டுகள் விறைப்பதற்குள் சிறகை விரித்து ஊசி குத்த வேண்டுமாம். காசு வேண்டாம் என்ற பிஜுவின் பையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினோம். இடப்பக்கம் புல்தரை, வலப்பக்கம் புதர். பாசஞ்சரில் எதிரே இருந்த குழந்தை குழித்துறை வரை என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்கள் கோடைமழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். குடையும் தண்ணீரும் அவசியம். தோட்டத்துக்குள் சொல்லாமல் நுழையாதீர்கள். முடியை ஊரிலேயே வெட்டிக்கொண்டு போங்கள்.

பிடித்த ஒவ்வொரு வண்டுக்கும், எதன்மேல் இருந்தது என்று உள்ளபடி எழுத வேண்டும் என்பது அவர்கள் துறையின் வழக்கம். ஆண்களுக்கு 'அயினி மரம்' என்று எழுதினாள். பெண்களுக்கு எழுதியதையும் ஒளிக்கவில்லை. கட்டுரையை இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். புதுப் பேரினம்தான். அச்சாகும் வரை பெயரைச் சொல்லக்கூடாதாம். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்: 'மனிதத் தலை' என்பது அச்சுப்பிழையா?

பதிலுக்கு கலா என் போட்டோவை அனுப்பிவைத்தாள்.